மீதி ஒரு மணி பத்து நிமிடம்

முன் இருக்கையின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையில் பொம்மை விமானம் ஒன்று அசையாமல் நின்றது. அசையாமல் நிற்பதாகத்தான் நீலகண்டனுக்குத் தோன்றியது. கீழே எழுதியிருந்ததோ மணிக்கு எண்ணூற்று எழுபது கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கு மீதித் தூரம் மூவாயிரத்துத் தொண்ணூறு. மீதி நேரம் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழாக மாறுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று காத்திருந்தான். மாறவில்லை. செத்துப்போன அண்ணனைப் பார்க்கப் போகிறவனுக்கு நிமிடம் என்ன, மணி என்ன. இருந்தும் கண் அந்த எண்ணை விட்டு நகரமாட்டேன் என்றது. அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லமாட்டார்கள், அதுதானே வழக்கம். டொரன்டோவில் அவன் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அண்ணன் மனைவி, மைனி, கூப்பிட்டாள். அண்ணனுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, சீரியஸ் என்றாள். “உசுரு இருக்கு மக்களே. நான் பொய் சொல்லல்ல. உங்கிட்ட பொய் சொல்லப்பிடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. உடனே பொறப்படு. எப்பம் வந்து சேருவ, மணி சரியாட்டு சொல்லு.” அந்த நான்கைந்து வாக்கியங்களை அவன் நேற்றிலிருந்து எத்தனை முறை பிரித்துப் பிரித்துப் பார்த்தான் என்று கணக்கில்லை. உயிர் இருக்கிறவனைப் பற்றிச் சொல்லும்போது உயிர் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? பொய் சொல்லவில்லை என்று பொய் சொல்லாதவர்கள் எதற்குச் சொல்லவேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, மணி சரியாகச் சொல்லு என்பது. நோயாளியைப் பார்க்க வருகிறவனிடம் எப்போது வேண்டுமானாலும் வா என்பார்கள். ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்கள்தான் மணி கேட்பார்கள். எடுக்கிற நேரம் குறிக்கவேண்டும், பொழுது சாய்வதற்குள் முடிக்கவேண்டும், வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டும். அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டான். மூக்கில் குழாய் போட்டிருக்கிறது, பேச முடியாது என்றாள் மைனி. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மையிடம் போனைக் கொடு என்று அண்ணனைக் கேட்டபோதும் இதே மூக்கு, இதே குழாய். வேறு ஏதாவது யோசித்துச் சொல்லியிருக்கக்கூடாதா என்று மைனிமேல் அற்பமான ஒரு கோபம்கூட வந்தது.

அம்மை இறந்தபோது அவன் நம்பினான். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அன்றைக்குக் கூப்பிட்டது அண்ணன்தான். அம்மைக்குக் கொஞ்சம் முடியவில்லை, பார்க்கவேண்டும் என்கிறாள், வா என்றான். டொரன்டோவில் விமானம் ஏறுவதற்கு முன்னால் கடைகடையாக அலைந்து கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கினான். அம்மைக்குக் கால் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கும். பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அத்தனை தூரமும் அவன் கண் அயரவில்லை, ஆனால் அழவும் இல்லை. அம்மையிடம் என்ன சொல்லவேண்டும், எந்த டாக்டரைப் பார்க்கவேண்டும், ஒரு மாதம் லீவை நீட்டிக்க முடியுமா என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரரிடம் அம்மை வைக்கும் தீயல் குழம்பைப் பற்றிப் பேசினான், சிரித்தான்கூட. திருவனந்தபுரத்தில் காரோடு வந்து நின்றவர் ஞானமுத்து, அண்ணனோடு பஸ் டெப்போவில் டிரைவராக இருந்தவர். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வழியெல்லாம் அவர், அம்மைக்கு இன்னைக்குக் கொஞ்சம் தேவலை தம்பி, கஞ்சி குடிச்சாவ தம்பி என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஊருக்குள் கார் திரும்பியதும் தெருமுனையில் பந்தல். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவனைக் கண்டதும் பெண்கள் வைத்த ஓலம். காலுறைப் பொட்டலம் கையிலேயே இருந்தது. ஒரு முழு நாளுக்கு முன்பே, அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே, அம்மை போய்விட்டிருந்தாள். அம்மையின் பெட்டியருகே போகாமல் அவன் நேராக அண்ணனிடம் போய்ச் சட்டையைப் பிடித்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. என்னை என்ன குழந்தை என்று நினைத்தாயா, ஏமாளி என்று நினைத்தாயா, இனி உன் வாயிலிருந்து வருவது எதையும் செத்தாலும் நம்பமாட்டேன் என்று கத்தினான். அண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அத்தற தூரம் ஒத்தைக்கு அழுதுட்டு வரப்பிடாதுன்னுதான் லே” என்றான். அப்போது அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. பதினாறுகூட முடியாமல் ஐந்தாம் நாள் புறப்பட்டு வந்துவிட்டான். அதன்பிறகு ஒன்பது வருஷம். மைனியோடு பேசினான், அண்ணன் மகள் அபிராமியோடு பேசினான், அவள் கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி அனுப்பினான். அண்ணனோடு பேசவில்லை. ஒரு பொங்கலன்று அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்து, மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. அவன் கையில்தான் இருந்தது போன். எடுக்காததில் அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியை இப்போது தூக்கி எங்கே வைப்பது.

ஐம்பத்தொன்று. மூன்று மணி ஐம்பத்தொரு நிமிடம். பார்க்காமல் இருந்தால் ஓடுகிறது, பார்த்தால் நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்பவனுக்கு வண்டி வராது, பீடி பற்றவைத்தால் வரும் என்பான் அண்ணன். சிவதாணு, டைம்கீப்பர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் கம்பி வலை போட்ட சின்ன அறைக்குள் விசிலும் நோட்டுமாக முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவன். எந்த ஊரையும் அவன் தூரத்தால் அறியமாட்டான். திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒன்றே முக்கால் மணி என்பான். மதுரை அஞ்சு மணி. சென்னை பதினாலு, மழை என்றால் பதினைந்தரை. கிலோமீட்டர் ரோட்டுக்கு, மணிதான் மனுஷனுக்கு என்பது அவன் கட்சி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நீலகண்டன் கனடா போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். அண்ணன் மட்டும் ஒரே கேள்வி கேட்டான், ரன்னிங் டைம் எவ்வளவு என்று. நடுவில் இறங்கி மாறுவதையும் சேர்த்து இருபத்திரண்டு மணி என்றான் இவன். அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “நம்ம வண்டி மெட்ராஸுக்குப் போயிட்டு வாறதுக்கே இருபத்தெட்டு ஆவும். பக்கந்தான் லே, போ” என்றான். அந்த ‘பக்கந்தான்’ கொடுத்த தைரியத்தில்தான் அவன் போனான். லேட்டாக வரும் டிரைவர்களிடம் அண்ணன் கத்தமாட்டான், நோட்டைத் திருப்பிக் காட்டுவான். லேட்டுக்கு ரெண்டே காரணம்தான், ஒன்று வண்டி, இல்லாவிட்டால் மனுஷன், வண்டியை மன்னிச்சிரலாம் என்பான். அதைச் சொல்லும்போது ஒரு கண்ணை இடுக்கிக்கொள்வான். அந்தக் கண். இப்போது இரண்டு கண்ணையும் மூடி, தாடையைத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சு. குழாய் இல்லை, பஞ்சுதான். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். யாராவது அவ்வப்போது துடைத்துவிடுவார்கள். ஆவி உள்ளேதான் படியும், வெளியே எத்தனை துடைத்தாலும் போகாது, அம்மைக்கும் அப்படித்தான் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன், வளைகுடாவில் வெல்டராக இருக்கிற ஆரியநாட்டு மலையாளி, போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு தூங்கினான். யாரும் பார்க்கவில்லை. நீலகண்டன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். சத்தம் வராமல் அழுவதில் உடம்பு குலுங்கி, முன்சீட்டின் தட்டு தானாகக் கீழே விழுந்தது. அதை மேலே தள்ளி மாட்டிவிட்டு மறுபடியும் அழுதான். அத்தனை தூரம் ஒத்தையாக அழுதுகொண்டு வரக்கூடாது. ஒன்பது வருஷம் கழித்து, முப்பத்தேழாயிரம் அடி உயரத்தில், அந்த வாக்கியம் இப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. அந்த முறை அண்ணன் அவனிடமிருந்து அம்மையை ஒளிக்கவில்லை, இருபத்திரண்டு மணி நேரத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறான். அம்மை உயிரோடிருந்த இருபத்திரண்டு மணி நேரம், உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காமல் அவனுக்கு மட்டும் கிடைத்தது. அதைப்போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டானே. பாவி, பாவி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். இதை அண்ணனிடம் சொல்லவேண்டும். அண்ணே, அன்னைக்கு நீ செஞ்சது சரிதான் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி, அதைச் சொல்ல எத்தனை நேரமாகும், மூன்று வினாடி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லலாம். சொல்லலாம்தான், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இந்த விமானத்தில் அவன் வந்திருக்கவே வேண்டியதில்லை. அதுவும் அவ்வப்போது முள்ளாகக் குத்தியது, குத்திவிட்டுத் தானாகவே அடங்கியது. டொரன்டோவில் பனி கொட்டி முதல் விமானம் இரண்டரை மணி தாமதமாகத்தான் கிளம்பியது. தோஹாவில் இறங்கும்போது மாற வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. இரவா பகலா என்று தெரியாத அந்த வெளிச்சத்தில், உதவி மேஜையின் முன்னால் வரிசையில் அவனுக்கு முந்தி ஒரு பெண் நின்றாள். குளச்சல்காரி, லீமாரோஸ் என்று பேர், டொரன்டோவில் ஏதோ முதியோர் இல்லத்தில் வேலை. அவளும் அதே விமானத்தில்தான் வந்திருந்தாள். அவளுடைய அம்மைக்கும் சீரியஸ். எப்படியாவது பார்த்துருவேன் அண்ணே, நான் வாறேன்னு கேட்டதும் கண்ணைத் திறந்தாளாம், தம்பி சொன்னான் என்று முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். நீலகண்டன் அவள் முகத்தையே பார்த்தான். தம்பி சொன்னானாம். இந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் எட்டிப் பார்த்தது, அம்மைக்கு என்று எதையோ வாங்கியிருக்கிறாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவள் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: இன்னும் நாற்பது நிமிடத்தில் திருவனந்தபுரத்துக்கு ஒரு விமானம் இருக்கிறது, காலை எட்டு இருபதுக்குப் போய்ச் சேரும், ஆனால் ஒரே ஒரு இடம்தான். மற்றவர் ஆறு மணி நேரம் காத்திருந்து அடுத்ததில் போகவேண்டும், அது மதியம் இரண்டு இருபது. இரண்டு பேரில் யார் என்று அவளே கேட்டாள். லீமாரோஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நீங்களும் அவசரமாத்தானே போறீங்க என்று கேட்டாள், கேட்கும்போதே குரல் உடைந்தது. அவன் யோசிக்கவே இல்லை. “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீ போ மக்களே” என்றான். சொல்லும்போது நெஞ்சில் ஒரு பெருமிதம்கூட ஓடியது. ஒன்பது வருஷத்தில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்பதுபோல. நம்பிக்கை உள்ளவளுக்குத்தான் அந்த ஆறு மணி நேரம் வேண்டும். செத்தவனுக்கு என்ன அவசரம், பெட்டிக்குள் அவன் பத்திரமாகத்தான் இருப்பான். அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். அவள் போன பிறகுதான் வீட்டை நினைத்தான். மொத்தக் கூட்டமும் பட்டினியாக உட்கார்ந்திருக்கும், அடுப்பு மூட்டமாட்டார்கள், மைனிக்குச் சர்க்கரை வியாதி வேறு. போனை எடுத்து மைனிக்கு எழுதினான். “விமானம் தவறிவிட்டது. வர ரொம்ப நேரமாகும். எனக்குத் தெரியும் மைனி, நீங்கள் இனி மறைக்கவேண்டாம். எனக்காக அண்ணனைப் பெட்டியில் வைத்திருக்கவேண்டாம். எடுத்துவிடுங்கள்.” அனுப்பிவிட்டுப் போனை அணைத்தான். இனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழுவார்கள், துக்கம் கேட்பார்கள், அவனால் முடியாது. அணைத்த போன் இதோ சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு பாரமாகக் கிடக்கிறது.

நிஜமாகவே உயிர் இருந்தால்? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உணவுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பணிப்பெண்ணின் வளையல் சத்தத்தோடு வந்தது. இரண்டு மணி நேரம் மீதி. கடலுக்கு மேலே வந்துவிட்டிருந்தார்கள், திரையில் நீலம் தவிர வேறில்லை. நிஜமாகவே மைனி பொய் சொல்லாமலிருந்தால்? சீச்சீ. மூக்கில் குழாய் என்றாளே. மூக்கில் குழாய் போட்டவனுக்கு மூக்கில் குழாய் என்றுதானே சொல்வார்கள். மணி கேட்டாளே. மணி கேட்கிறவன் அண்ணனாகவே இருந்தால்? முப்பத்தொரு வருஷம் டைம் எழுதினவன் படுக்கையில் கிடந்துகொண்டும் வேறு என்ன கேட்பான்? மைனி போனில் பேசும்போது பின்னால் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டதே. ஆஸ்பத்திரியில் நாற்காலி இருக்காதா? இருக்கும். வேண்டாம், வேண்டாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. ஒருமுறை நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போய் நின்றது போதும். இந்தமுறை அழுது முடித்துவிட்டு, கண் காய்ந்தவனாக, பெரிய மனுஷனாக இறங்கவேண்டும். ஊர் அவனைப் பார்க்கும். அந்த நினைப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். திரும்ப வராமலிருக்க வேறு வேலை வேண்டுமென்று, கண்ணை மூடிக்கொண்டு அண்ணனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே செய்ய ஆரம்பித்தான். அவனுக்கு ஆண்பிள்ளை கிடையாது, தம்பிதான் செய்யவேண்டும். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனான். ஆற்றுத் தண்ணீர் கணுக்காலில் சில்லிட்டது. குடத்தைத் தோளில் ஏற்றினான். அண்ணனை வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், தலை ஒருபக்கம் சாய்ந்தது, அவன் பிடித்துக்கொண்டான், தலை சுடச்சுட இருந்தது, செத்தவன் தலை எப்படிச் சுடும் என்று நினைத்துக்கொண்டே எண்ணெய் வைத்தான், சீயக்காய் வைத்தான். சின்ன வயசில் குளத்தில் அண்ணன்தான் அவனுக்கு இப்படி முதுகு தேய்ப்பான், தோல் உரியும்வரை விடமாட்டான். துடைத்தான். வேட்டி கட்டினான். நெற்றி நிறைய விபூதி. பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள், மைனி போட்டாள், அபிராமி போட்டாள், கடைசியாக அவன். மூடிய வாயைப் பார்த்து அண்ணே, அன்னைக்கு நீ செஞ்சது சரிதான் என்று சொன்னான். பிடி அரிசியை வைத்தான். அரிசி உதட்டில் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது திரையில் மீதி ஒரு மணி பத்து நிமிடம் என்று இருந்தது. போய்ச் சேரும் ஊரின் நேரமும் ஒன்று பத்து. இரண்டு எண்ணும் ஒன்றாக நின்றன. அண்ணன் பார்த்தால் நோட்டில் குறித்துவைப்பான் என்று நினைத்தான். நினைத்ததும் உதட்டில் சிரிப்புகூட வந்தது. மனசு பாரம் இறங்கி லேசாக இருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு, இரண்டு நாளில் முதல்முறையாக, நன்றாகத் தூங்கினான்.

சக்கரம் தரையைத் தொட்ட அதிர்ச்சியில்தான் விழித்தான். ஜன்னலில் தென்னைகள் ஓடின. எல்லோரும் போனை உயிர்ப்பித்த அந்த ஒரே நேரத்துக் கிணிகிணி சத்தத்தில் அவனும் உயிர்ப்பித்தான், எப்படியும் ஒருநாள் பார்க்கத்தானே வேண்டும். மைனி எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள் பதினேழு. ஒரு குரல் செய்தி, ஒன்பது வினாடி. நேரம் விடிகாலை நாலு ஐந்து, அவன் அனுப்பிப் பத்து நிமிடத்தில் வந்திருக்கிறது. ஒப்பாரியாக இருக்கும் என்று எண்ணிக் காதோடு அழுத்திக் கேட்டான். முதலில் வெறும் மூச்சு. இழுத்து இழுத்து, உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி. அப்புறம் குரல். “லே நீலாண்டா. ஒன் மைனி பொய் சொல்லல்ல. நான் கெடக்கேன் லே. அடுத்த வண்டி எப்பம்னு சொல்லு.” அண்ணன். செத்துப்போன அண்ணன், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டி வாய்க்கரிசி போட்ட அண்ணன், நீலாண்டா என்று கூப்பிடுகிறான். உலகத்திலேயே அவனை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள். நீலகண்டன் எழுந்து நின்றுவிட்டான்; விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, உட்காருங்கள் என்று பணிப்பெண் கை காட்டினாள். உட்கார்ந்தான். மறுபடி கேட்டான். இருக்கிறான். இருக்கிறான். வெல்டரின் தோளைப் பிடித்து உலுக்கி, அண்ணன் இருக்கிறான் என்றான். யாருடைய அண்ணன், என்ன விஷயம் என்று தெரியாமலேயே அந்த நல்ல மனுஷன், நன்னாயி சேட்டா என்றான். பெட்டியில் வைத்திருக்கவேண்டாம் என்று எழுதினோமே என்பது இடையில் ஒருமுறை சுருக்கென்றது, அதை அண்ணன் சிரித்துத் தள்ளிவிடுவான், வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான், காட்டட்டும், தெருவே கூடி நின்று சிரிக்கட்டும். கடவுச்சீட்டு வரிசை நகர்வேனா என்றது. மைனிக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. அபிராமிக்குப் போட்டான், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லியிருப்பார்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான். முத்திரை குத்துகிறவர் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணனைப் பார்க்க என்றான். எத்தனை நாள் என்றார். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்று சொன்னான்.

வெளியே கூட்டத்தில் ஞானமுத்து நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அண்ணன் எப்படி இருக்கான் என்று தூரத்திலேயே கேட்டான். அவர் அவன் கைப்பையை வாங்குவதற்குக் குனிந்தபடியே, இருக்காரு தம்பி, வாங்க என்றார். போதும், அந்த ஒரு வார்த்தை போதும். காரில் ஏறியதும் அவனே பேசிக்கொண்டு வந்தான். நான் எழுதினதைப் பார்த்து என்ன சொன்னான் என்று கேட்டான். ஞானமுத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மைனிக்கு வாசித்துச் சொல்ல வாய் வரவில்லையாம்; அண்ணனே கையை நீட்டிப் போனை வாங்கி வாசித்தானாம். வாசித்துவிட்டு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். பிறகு, அவன் மேல தப்பில்ல, நம்பாம ஆக்குனது நான்தான் என்றானாம். அபிராமியைப் போனில் பார்க்கச் சொல்லி, தோஹாவிலிருந்து அடுத்தது ரெண்டு இருபதுக்குத்தான் இறங்கும் என்று அவனே கண்டுபிடித்து, அதுக்குப் போய் நில்லும் ஓய் என்று இவரை அனுப்பிவைத்தானாம். மணிக்கொருதரம் வண்டி எங்க வருது, எங்க வருது என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். நீலகண்டன் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். பாறசாலை தாண்டியதும் ரோட்டோரத்தில் ஆரஞ்சு குவித்து வைத்திருந்தார்கள். வெறும் கையோடு போகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. நிறுத்துங்கண்ணே, அண்ணனுக்கு ரெண்டு கிலோ வாங்கிக்கிடுகேன் என்றான். ஞானமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஓரம்கட்டினார். நல்லதாகப் பொறுக்கி, முகர்ந்து பார்த்துப் பார்த்து வாங்கினான். பையோடு திரும்பி வரும்போது காருக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று ஞானமுத்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அடங்கிய குரல்தான், ஆனால் மத்தியான ரோட்டில் தெளிவாகக் கேட்டது. “பாறசாலை தாண்டியாச்சு. அஞ்சு மணி. சரியாட்டு அஞ்சு மணிக்கு வந்திருவோம்னு சொல்லு.”

பையின் பிடி விரலை அறுத்தது. மணி சரியாகக் கேட்கிறார்கள். நீலகண்டன் காரைச் சுற்றிவந்து அவருக்கு முன்னால் நின்றான். அண்ணே, எப்பம் என்று மட்டும் கேட்டான். ஞானமுத்து அவன் கையிலிருந்த ஆரஞ்சுப் பையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லப்பிடாதுன்னு அவரு சொல்லியிருந்தாரு, எனக்குத்தான் நாக்கு வரல்ல என்றார். பிறகு, “ஒண்ணு பத்துக்கு தம்பி” என்றார். ஒன்று பத்து. அரிசி உதட்டில் ஒட்டிக்கொண்ட நேரம். காலை எட்டு இருபதுக்கு இறங்கியிருந்தால் பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. பத்தே முக்காலிலிருந்து ஒன்று பத்து வரை இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அண்ணே, நீ செஞ்சது சரிதான் என்று சொல்ல மூன்று வினாடி. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை என்று சொல்லியும் மூன்று வினாடிதான் ஆகியிருக்கும். லேட்டுக்கு ரெண்டே காரணம். வண்டி இரண்டரை மணி, அதை அண்ணன் மன்னித்துவிடுவான். மீதி ஆறு மணி. காரில் ஏறி உட்கார்ந்தான். ஞானமுத்து வண்டியை எடுத்தார். களியக்காவிளை வந்தது, போனது. மடியில் ஆரஞ்சு. போனை எடுத்து அந்த ஒன்பது வினாடியை மறுபடி கேட்டான். நான் கெடக்கேன் லே. அடுத்த வண்டி எப்பம்னு சொல்லு. கேட்டவனுக்கு இதுவரை அவன் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மைனியின் போன் இப்போது எங்கே இருக்குமோ, பந்தலுக்குள், பெட்டிக்குப் பக்கத்தில், யார் கையிலோ. பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை வாயருகே கொண்டுபோனான். “அஞ்சு மணிக்கு அண்ணே. சரியா அஞ்சு மணிக்கு வந்திருவேன்” என்றான்.